இரண்டுக்கு மேல் திருகாதீர்

மத்தியான வெயில் வார்டு ஜன்னல் வழியாக ராக்கப்பனின் கட்டிலில் விழுகிறது. முப்பது வருடம் ராஜபாளையத்து மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்த நெஞ்சு எப்போதாவதுதான் ஏறி இறங்குகிறது. தலைமாட்டில் ஆக்சிஜன் குழாயோடு மாட்டிய பாட்டிலில் தண்ணீர் உலை மாதிரி கொதிக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே நர்ஸ் காளீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் அவள் இரண்டில் வைத்த அளவு இப்போது எட்டில் நிற்கிறது. சுந்தரபாண்டியத்திலிருந்து பார்க்க வந்த சொந்தங்கள், விருந்தாளி இலையில் சோற்றைத் தள்ளுவதுபோல ஆளுக்கொரு திருகு திருகியிருக்கிறார்கள். "யாரு கூட்டுனது?" "கடைசியா நாந்தான்," என்கிறான் லீவில் வந்திருக்கும் பட்டாளத்து மகன் சிவபாண்டி. "வெரல் மிஷின்ல தொண்ணூத்தொம்பது காட்டுதுல்லா. அப்பா இப்பத்தான் நிம்மதியா தூங்குதாரு." "இது தூக்கமில்ல. ஆக்சிஜன் கொறஞ்சாத்தான் மூச்சு விடணும்னு அவரு மூளை பழகிக் கெடக்கு. நீங்க அள்ளிக் கொட்டவும் போதும்னு இருந்துட்டு. கெட்ட காத்து உள்ளயே தேங்கி ஆள மயக்குது."

டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, திருகை இரண்டுக்கு இறக்கி, அவர் நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கிறாள். "ஐயா, மூச்ச இழுங்க." கண் திறக்கிறது. நெஞ்சு பழையபடி இரைக்கத் தொடங்குகிறது. மகள் வெங்கடேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்தியபடி முனகுகிறாள்: "நிம்மதியா கெடந்த மனுசன எழுப்பி, மறுபடி இரைக்க விட்டுட்டாளே பாவி." காளீஸ்வரி பல்லைக் கடிக்கிறாள். வாசலில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு இன்னும் நாலு பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள். அவள் திருகின்மேல் கையை வைத்தபடியே நிற்கிறாள்.