தெருமுனை வேம்பு

"அந்த வேப்ப மரத்த எப்ப சார் வெட்டப் போறீங்க?"

நகராட்சி ஓவர்சியர் கலியாணசுந்தரம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். ஆதிகேசவன் நின்றிருந்தான். பட்டுத் தறி நெசவாளி. அவன் இதே கேள்வியோடு வருவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

"உங்க தெருமுனை மரமா? அத யாருப்பா வெட்டுவாங்க? வேம்படி அம்மனாச்சே."

"அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். வெறும் மரம்" என்றான். சொன்ன கையோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

ஓவர்சியருக்குச் சிரிப்பு வந்தது. "போன வருஷம் அதே மரத்த வெட்டிட்டுப் படிப்பகம் கட்டறோம்னு சொன்னப்ப, உங்க தெருவே திரண்டு வந்து வேணாம்னு நின்னுது. நீ கூட முன்னாடி நின்ன மாதிரி ஞாபகம்."

"கூட்டத்துல ஒருத்தனா நின்னேன் சார். அப்ப வேணாம்னு கெஞ்சினோம், வெட்டியே தீருவோம்னு தீர்மானம் போட்டீங்க. இப்ப வெட்டுங்கன்னு கெஞ்சறேன், மாட்டேன்றீங்க. மெட்ராஸ் ராஜ்யத்துக்கே தமிழ்நாடுன்னு பேரு மாத்தியாச்சு. ஒரு மரத்துக்கு வழி பண்ண உங்களால ஆவல."

"வெட்டத்தான ஆளு அனுப்பினேன்? காலங்கார்த்தால போய்ப் பார்த்தா, எவனோ புண்ணியவான் ராத்திரியோட ராத்திரியா மரத்துக்கு மஞ்சத் துணியச் சுத்தி, குங்குமத்தையும் அப்பி வெச்சிருக்கான். வெட்டப் போன வீரபத்திரன் அங்கயே விழுந்து கும்பிட்டுட்டான். கூடப் போன தாவீது சர்ச்சுக்குப் போற வேதக்காரன். அவனே கோடாலியக் கீழ வெச்சுட்டு, இன்னிக்கு லீவு சார்னு போய்ட்டான்."

ஆதிகேசவன் மேலே சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தான்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ பொங்கல் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பத்துப் பானை வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். உண்டியல் வந்தது, கமிட்டி வந்தது, கமிட்டிக்குள் சண்டையும் வந்துவிட்டது. படிப்பகத்தை மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். அங்கே பேப்பர் படிக்கப் போனவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இப்ப உனக்கு என்னதான்பா கஷ்டம்?"

"பாவு போட எடம் இல்ல சார்."

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நிழலில் காயவைத்து எடுக்க வேண்டும். காலம் காலமாக அந்த மரத்தடியில்தான் அது நடந்துவந்தது.

"அம்மனுக்கு எதிர்ல குறுக்க பாவு கட்டக் கூடாதாம். கஞ்சித் தண்ணி சிந்தக் கூடாதாம். கமிட்டிக்காரங்க குச்சி நட உட மாட்டேன்றாங்க. பாவத் தூக்கிக்கினு ஆத்து மணலுக்கு ஓடறேன். அங்க அடிக்கற காத்துல இழ பொட்டுப் பொட்டுன்னு அறுந்து போவுது. இன்னொரு பாவு வீணாப் போச்சுன்னா, தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எனக்கு வேற இன்னா சார் தொழில் தெரியும்?"

ஓவர்சியர் டிபன் பாக்ஸை மூடினார்.

"நெழலு போயிடும்னுதானப்பா அன்னிக்கு அவ்ளோ சண்ட போட்டீங்க?"

"நெழல வெச்சுக்கினு இன்னா பண்றது? அதுல நிக்கவே உட மாட்டேன்றாங்களே. மரம் போனா அம்மன் போவும், எடம் கெடைக்கும். வெயில் ஏறறதுக்குள்ள பாவப் போட்டு எடுத்துக்குவோம். அடுத்த மாசம் சுத்தி சிமெண்டு மேடை கட்டி, கம்பி வேலி போடப் போறீங்களாமே. அதோட எங்க கத முடிஞ்சுது."

"கவுன்சில் தீர்மானம் ஆயிடுச்சு. ஆனா வேலைக்கு இன்னும் உத்தரவு வரல."

ஓவர்சியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷர்தான். கையில் அதிகாரம் இல்லையே தவிர, இரக்கம் இருந்தது.

"இங்க பாரு ஆதிகேசவா. என் ஆளுங்க பயப்படறது மரத்துக்கு இல்ல, அந்த மஞ்சத் துணிக்கு. அது இல்லேன்னா அது வெறும் முனிசிபாலிட்டி மரம். வெட்டச் சொன்ன பழைய உத்தரவ இன்னும் யாரும் ரத்து பண்ணல. நீ போய் துணிய மட்டும் அவுத்துடு. அடுத்த நிமிஷம் ஆள அனுப்பறேன். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"நானா சார்?"

"நீதான வெறும் மரம்னு சாதிக்கற? ஒரு முடிச்சு. அவ்ளோதான்."

ஆதிகேசவன் தறியில் ஆயிரம் முடிச்சு போடும் விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னப்பா, பயமா?"

"ஆமா சார்" என்றான் ஆதிகேசவன். "கட்னப்ப பயமா இல்ல. அவுக்கத்தான் பயமா இருக்குது."