பார்டன்

அந்த வெளிநாட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிட்டது ஏதாவது பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நாக்கால் ஒரு சுற்றுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

"குட்... ஆஃப்டர்நூன்... சார்," என்றேன், வாயை முழுசாகத் திறந்து.

தலையாட்டிச் சிரித்தார். 'பார்டன்?' என்று கேட்கவில்லை. எனக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

ஹோட்டலில் என் பெயரே பார்டன்தான். நான் இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்கி, "பார்டன்?" என்பார். என்ன சொன்னாய், இன்னொரு தரம் சொல் என்று அர்த்தம். கிச்சனில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சூட்டிவிட்டார்கள். அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

போன வாரம் ஒரு அம்மா 'ஸ்டில் வாட்டர்' கேட்டார். கேஸ் அடைக்காத சாதாத் தண்ணீருக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டாஃப் சாப்பிடும் இடத்திலிருந்து ஸ்டீல் டம்ளர் ஒன்றைத் தேடியெடுத்து, பளபளவென்று தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கே மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாரத்துக்குள்ள இங்கிலீஷ் சரியாகலைன்னா உங்களை லாண்டரிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அங்க பேசற வேலையே இல்ல."

"அதுவும் நல்லதுதான் சார். பெட்ஷீட் பார்டன்னு கேக்காது," என்று சிரித்து வைத்தேன். ஆனால் நாலு மனுஷ முகத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு பொழுதும் போகாது.

ட்ரெயினிங் மேடம் எங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "வாயை நல்லாத் திறங்க. ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா."

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று திறந்தேன். திறந்த திறப்பைப் பார்த்துவிட்டு, பல்வலி என்று நினைத்து என் மனைவி கிராம்போடு ஓடி வந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அப்பா இங்கிலீஷ்ல கொட்டாவி விடறார்," என்றாள் மகள்.

இப்போது பரீட்சை. கல்லாவுக்குப் பக்கத்தில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையில் ஒரு பிறந்தநாள் கும்பல் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அது ஒரு வகையில் சௌகரியம். காதில் விழுந்திருந்தால் இருக்கிற தைரியமும் போயிருக்கும். இந்த இரைச்சலில் பேசிப் பிரயோசனமில்லை என்றுதானோ என்னவோ, வெளிநாட்டுக்காரரும் மெனுவில் ஒரு சூப்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எனி... அலர்ஜி... சார்?"

எது உடம்புக்கு ஆகாது என்று கேட்காமல் ஆர்டர் எடுக்கக் கூடாது, அது மேடத்தின் கண்டிப்பு. அவர் விரல் மெனுவில் இறங்கிப் போய் இறாலில் நின்றது. பிறகு தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினார்.

எனக்குச் சொரேர் என்றது. அவர் கேட்ட சூப்பின் பெயரில் இறால் இல்லை. ஆனால் இறால் ஓட்டை வேகவைத்த தண்ணீரில்தான் அதைச் செய்வார்கள்.

"திஸ்... சூப்... ப்ரான்... வாட்டர்... இன்சைட்... சார்."

இலக்கணம் செத்தது, ஆள் பிழைத்தார். சட்டென்று விரலை எடுத்து வேறு சூப்பைக் காட்டினார். கண்ணில் அப்படி ஒரு நன்றி.

அவர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அவர் மனைவி வந்து எதிரே உட்கார்ந்தார். நம் ஜனம் மாதிரி முகம். அவரிடம் இவர் கைகளை வேகவேகமாக ஆட்டி என்னவோ சொன்னார். நடுநடுவே என் பக்கமும் கை நீண்டது. கோபம்தான் என்று முடிவு கட்டினேன். அந்த அம்மா எழுந்து நேராக மேனேஜரிடம் போனார். எனக்குச் சலவைத்தூள் வாசனையே அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"உங்க வெயிட்டரைப் பத்தி எங்க வீட்டுக்காரர் சொல்லச் சொன்னார்," என்றார், தமிழிலேயே.

"ஸாரி மேடம்," என்று மேனேஜர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எதுக்கு ஸாரி? எத்தனையோ ஊர் ஹோட்டல்ல சாப்பிட்டிருக்கார். ஒரு வெயிட்டர் பேசினது ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சது இதுதான் முதல் தடவையாம். அந்த இறால் விஷயத்தை இவர் சொல்லலைன்னா இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம்."

மேனேஜர் என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அண்ணே, லாண்டரியை மறந்துடுங்க."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். கண்ணாடி முன்னால் பட்ட பாடு மூடவிடவில்லை. கிச்சன் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"மேடம், என் உச்சரிப்பைப் பத்தி சார் குறிப்பா ஏதாவது சொன்னாரா?"

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"உதடு அசையறதைப் பாத்துத்தாங்க புரிஞ்சுக்கிட்டார். அவருக்குக் காது கேக்காது."