மின்னல் அண்ணனின் முதல் சவாரி

"மின்னல் அண்ணனை யாரோ புக் பண்ணியிருக்காங்க சார்."

டெஸ்டர் பெண் சொன்னதும் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

மின்னல் அண்ணன் என்று ஒருவர் கிடையாது. ஒரே வழியில் போகிறவர்கள் ஒரே காரில் சேர்ந்து போவதற்காக அந்த ஆபீஸில் ஓர் ஆப் செய்திருந்தார்கள். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவளே இட்டுக்கட்டிய டிரைவர் அவர். படத்துக்குத் தன் தாய்மாமனைக் கறுப்புக் கண்ணாடி மாட்டி நிற்கவைத்திருந்தாள். ஐந்து நட்சத்திரமும் அவளே போட்டதுதான். 'அண்ணன் ஒருநாளும் லேட்டானதில்லை' என்று ஒரு பாராட்டு வேறு. உண்மைதான். வந்தால்தானே லேட்டாவதற்கு.

ஆப்பை ஊருக்குத் திறந்துவிட்ட அன்றே அண்ணனை அழித்திருக்க வேண்டும். மறந்து தொலைத்துவிட்டாள்.

இப்போது ஒரு பெண், நேற்றே புக் செய்துவிட்டு, ஊருக்கு வெளியே கல்குவாரி வளைவில் நின்றுகொண்டிருக்கிறாள். டிரைவருக்குக் குறிப்பும் எழுதியிருந்தாள்: 'நர்சிங் பரீட்சை அண்ணா. கேட்டை மூடிட்டா உள்ள விடமாட்டாங்க. கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க.'

டெஸ்டர் அதை முதலாளிக்கு வாசித்துக் காட்டினாள்.

"கேன்சல் போட்டுட்டு ஒரு மெசேஜ் தட்டிவிடு," என்றார் முதலாளி.

"போகாது சார். அங்க சிக்னலே கிடையாது."

அதுதான் வினை. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பதே இவர்கள் ஆப்பின் பெருமை. புக்கிங்கைப் போனிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளும். இறங்கும்போது காசைக்கூட நெட் இல்லாமல் போனுக்குப் போன் கட்டிவிடலாம். ஆக, அந்தப் பெண்ணின் போன் இந்த நிமிஷமும் 'உங்கள் வண்டி வந்துகொண்டிருக்கிறது' என்று கூசாமல் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும்.

"நான் வேணா ஒரு எட்டு போய்..."

முதலாளி முடிக்கவிடவில்லை. பணம் போடுகிறவர்கள் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள், அவர்கள் முன்னால் ஆப்பை ஓட்டிக் காட்ட வேண்டும், ஒருத்தரும் சீட்டை விட்டு அசையக்கூடாது, இது ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று பொரிந்து தள்ளினார். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்.

"ஒரு பொண்ணு பரீட்சை எழுதலைன்னா உலகம் நின்னுடாது."

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே ஆப்புக்குக் கோடிங் எழுதுகிற சோடாபுட்டி. அவன் திரையிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.

"பஸ் வரும்க்கா. ஏறிப் போயிடும்."

அந்த வழியில் இந்நேரத்துக்குப் பஸ் இல்லை. அது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பஸ் நேரங்களை ஆப்பில் ஏற்றியவனே அவன்தான். நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மங்கள் என்று இரண்டு பேரையும் மனசுக்குள் வைதாள்.

முதலாளி முக்கியமாகப் போன் பேச வேண்டும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சோடாபுட்டி தலைவலி என்று நெற்றியைத் தேய்த்தபடி காற்று வாங்கப் போனான். இதுதான் சமயம் என்று, 'பல்வலி, டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்' என ஒரு மெசேஜைப் போட்டுவிட்டு அவள் பின்படி வழியாக இறங்கி ஓடித் தன் காரை எடுத்தாள்.

போகிற வழியெல்லாம் சிவப்பு விளக்கு. முன்னால் போன தண்ணீர் லாரி வழியும் விடவில்லை, வேகமும் எடுக்கவில்லை. ஹாரனை விடாமல் அடித்தாள். அழுதுகொண்டிருப்பாளோ? நம்பி மோசம் போனேன் என்று திரும்பிப் போயிருப்பாளோ? அவசரத்தில் யாரோ எவனோ வண்டியில் கைகாட்டி ஏறிவிட்டிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் காலை இன்னும் அழுத்தினாள்.

வளைவில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி.

"ஏறும்மா. நான் மின்னல் அண்ணனோட தங்கச்சி. அண்ணனுக்கு உடம்பு சரியில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. பவர் கண்ணாடிக்கு மேலேயே ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிய உருவம் தலையை நீட்டி, தொண்டையைக் கனைத்து, கட்டைக் குரலில் சொன்னது:

"நான்தாம்மா மின்னல்."

சோடாபுட்டி. டெஸ்டரைப் பார்த்ததும் குரல் பழையபடி கீச்சென்று ஆகிவிட்டது.

"உங்களுக்குப் பல்வலியாமேக்கா?"

"உன் தலைவலி என்னாச்சு? எனக்கு முன்னாலயே கிளம்பினியே, எங்க போன?"

"நம்ம ஆப் காட்டின வழியில வந்தேன்க்கா. சுத்த விட்டுடுச்சு."

அவள் பதில் சொல்லுமுன் இன்னொரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய முதலாளி, அவர்கள் இருவரையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பிறகு அவரே இறங்கி அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"மின்னல்னு யாரும் கிடையாதும்மா. இந்த ஆப் எங்களுது, தப்பும் எங்களுது. நீ பயப்படாம ஏறு, நேரம் இருக்கு."

"சார், பணம் போடறவங்க வந்துடுவாங்களே," என்றாள் டெஸ்டர் மெல்ல.

"அவங்க காத்திருப்பாங்க. பரீட்சை ஹால் கேட் காத்திருக்காது. நீ வண்டிய எடு."

சொல்லிவிட்டு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். டெஸ்டர் அந்தப் பெண்ணுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டாள். இந்த மனுஷனையா அப்படி வைதோம்?

அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டினாள். வண்டி நகர்ந்ததும் பின்னால் நின்ற இரண்டு கார்களையும் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க மூணு பேரும் ஒரே ஆபீஸா?"

"ஆமாம்மா."

"மூணு பேரும் என்னைத் தேடித்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன்க்கா ஆளுக்கொரு கார்ல வந்தீங்க?"