ஜோனி உருக்கிய கோப்பை

"அடுப்பு மேல என்னடி அது?"

வெர்னா போட்ட சத்தத்தில் விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சமையலறைக்கு ஓடிவந்தார்கள்.

விறகு அடுப்பின் மேல் ஒரு கோப்பை பாதி சரிந்து, வெண்ணெய் மாதிரி வழிந்து கிடந்தது. கைப்பிடி மட்டும்தான் மிச்சம். பக்கத்தில் ஜோனி நின்றிருந்தாள்.

"காபி போட வந்தேன். கையில இருந்ததை அப்படியே மேல வெச்சுட்டேன். கவனிக்கலை."

கடலோர ஊரான லூனன்பர்க்கின் தேவாலயத்தில் அன்று காலைதான் டார்லீனின் குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்திருந்தது. டார்லீனின் நாத்தனார் வெர்னா. தன் புகுந்த வீட்டில் நாலு தலைமுறையாக இருந்த வெள்ளீயக் கோப்பையைக் குழந்தைக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். டார்லீனின் தங்கை ஜோனியும் ஒரு வெள்ளீயக் கோப்பைதான் கொண்டுவந்தாள். பட்டறையில் அவளே செய்தது, புத்தம் புதுசு.

வந்தவர்கள் பழையதைத்தான் கைமாற்றிக் கைமாற்றி ரசித்தார்கள். புதியதை யாரும் தொடக்கூட இல்லை. அந்தப் பழையதுதான் இப்போது அடுப்பின் மேல் உருகிக் கிடந்தது.

"கவனிக்கலையா?" வெர்னா மிச்சமிருந்த கைப்பிடியைக் காட்டினாள். "வெள்ளீயத்தை உருக்கி ஊத்தித்தானே நீ சம்பாதிக்கிறே? சூட்டுல மெழுகு மாதிரி உருகும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வெச்சே?"



"பொறாமை, வேறென்ன?" என்றார் வெர்னாவின் சித்தப்பா மர்ரே. "இனிமே இவ செஞ்ச கோப்பைதானே இந்த வீட்டுல இருக்கும்!"

"என் ராய்ஸ் நாலு வயசு வரைக்கும் அதுலதான் குடிச்சான். பாலு, ஆப்பிள் ஜூஸ் எல்லாம். இந்தக் குழந்தையும் தினம் அதுலயே குடிக்கணும், அலமாரியில பூட்டி வெச்சிடாதேன்னு உங்கக்காகிட்ட சத்தியமே வாங்கினேன்!" வெர்னா அழுதேவிட்டாள்.

ராய்ஸ் வந்து அம்மாவின் தோளைத் தொட்டான். இருபத்திரண்டு வயதாகிறது. பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராது. துறைமுகத்தில் மீன் பெட்டி கழுவுகிறான்.

"அழாதேம்மா. வேற கப் வாங்கிக்கலாம்."

டார்லீனின் கணவன் கார்னெட் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். "ஜோனி, நீ கிளம்பு. இப்போதைக்கு அதுதான் நல்லது."

மேசையில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் ஆறிக்கொண்டிருந்தன. ஜோனி ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கார் வரைக்கும் பின்னாலேயே வந்தாள் டார்லீன்.

"ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கலையேடி! இனி அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ஜோனி கோட்டுப் பையிலிருந்து ஒரு பேப்பர் நாப்கினை எடுத்து நீட்டினாள். அதில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"அந்தக் கோப்பையை இதுல தேய்ச்சுப் பாத்தேன். நல்ல வெள்ளீயம்னா இப்படிக் கோடு விழாது. அதுல குழந்தைக்குத் தைரியமா பால் கொடுக்கலாம். இது காரீயம் கலந்தது. விலை கம்மின்னு அந்தக் காலத்துல கலந்துடுவாங்க. ஜூஸ் மாதிரி புளிப்பா எது ஊத்தினாலும் விஷம் அதுல இறங்கும். சின்னக் குழந்தைன்னா நேரா மூளையைத்தான் பிடிக்கும்."

டார்லீன் நாப்கினை வாங்கிக்கொண்டாள்.

"அடிப்பாவி! இதை அங்கேயே சொல்லியிருந்தா உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடியிருப்பாங்களே! வா, இப்பவே போய் அண்ணிகிட்ட சொல்றேன்."

ஜோனி அவள் கையிலிருந்த நாப்கினைப் பிடுங்கிக் கசக்கினாள்.

"ராய்ஸ் ஏன் இப்படி இருக்கான்னு இருபது வருஷமா எந்த டாக்டராலயும் சொல்ல முடியலை. காரணம் இதுதானான்னு எனக்கும் தெரியாது. ஆனா வெர்னா இதைக் கேட்டா, என் கையாலதானே ஊத்தி ஊத்திக் கொடுத்தேன்னு நினைச்சே செத்துடுவா. வேண்டாம்க்கா. அவ என்னையே வெறுத்துட்டுப் போகட்டும்."