திருந்தினேன் என்றொரு சொல்

“திருந்திட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்” என்றான் கதிரவன்.

தில்லிச் சிறையொன்றில், முன்விடுதலைக் குழு கூடியிருந்த அறைக்கு வெளியே, ஆயுள் கைதி அய்யாசாமி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். இந்தி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் குழுவின் முன் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால்தான், முனிர்காவில் அறையெடுத்துத் தங்கி இலக்கியத் திறனாய்வில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் கதிரவனை மொழிபெயர்க்க வரவழைத்திருந்தார்கள்.

“திருந்துறதுக்கு என்கிட்ட என்னங்க தம்பி இருக்குது?”

“போன தடவையும் இதைச் சொல்லித்தானே மனு தள்ளுபடி ஆச்சு?”

“ஆகட்டுமுங்க. செத்தவனுக்காக வருத்தப்படறேன்னு நானு பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கம் நமக்கில்லீங்க.”

கதிரவன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். செய்யாத கொலைக்காக இத்தனை வருடங்கள். இப்போது வெளியே போக வேண்டுமானால், செய்தேன் என்பதையும் திருந்தினேன் என்பதையும் இந்த மனிதர் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீர்திருத்தம் என்ற சொல் காலந்தோறும் எப்படிப் பொருள் மாறி வந்தது என்பதுதான் அவனுடைய ஆய்வு. சமயத்தைத் திருத்தினார்கள், எழுத்தைத் திருத்தினார்கள், திருமணத்தையும் திருத்தினார்கள். குற்றமற்ற ஒருவரை எதிலிருந்து திருத்துவது? அவன் எழுதிக் குவித்த பக்கங்களில் இதற்கு விடை இல்லை.

உள்ளே அழைத்தார்கள். குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இவர் திருந்திவிட்டாரா, கேளுங்கள். ஜல்தி” என்றார் இந்தியில்.

கேட்டான்.

“அன்னைக்கு எப்படி இருந்தனோ, இன்னைக்கும் அப்படியேதான் இருக்கறனுங்க” என்றார் அய்யாசாமி.

சொன்னதைச் சொன்னபடியே சொல்வேன் என்று சற்றுமுன்தான் கதிரவன் உறுதிமொழி எடுத்திருந்தான். தலைவி பேனாவின் மூடியைக் கழற்றினார். இன்னும் ஒரு மூச்சு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

“தாம் இப்போது பழைய மனிதர் இல்லை என்கிறார். நடந்ததை நினைத்து மிகவும் வருந்துகிறாராம்” என்று இந்தியில் சொன்னான்.

அய்யாசாமி சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொன்னால் இருவர் பாடும் திண்டாட்டம்தான். அவரோ மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலை தலைவிக்குப் பிடித்துப்போயிற்று.

“அச்சா” என்றார். கையெழுத்து விழுந்தது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் கதிரவன் கைகூப்பினான். “மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க சொல்லாததைச் சொல்லிட்டேன். வேற வழி தெரியலை.”

“எம்பட வாயால சொல்லலியே. அப்புறமென்னங்க?”

“பொய்க் கேசுல மாட்டினவரை எப்படியாவது வெளியே கொண்டுவரணும்னுதான்…”

“பொய்க் கேசுன்னு ஆருங்க சொன்னது?”

கதிரவன் திரும்பிப் பார்த்தான். அறைக்கதவு சாத்தியாயிற்று, உள்ளே அடுத்த கைதியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி யாரிடம் எதைச் சொல்வது? அவன் திருத்தியது வாக்கியத்தை மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது.

காவலர் வந்து அய்யாசாமியின் கையைப் பற்றினார். போகிற போக்கில் அய்யாசாமி கதிரவனின் தோளை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார்.

“அந்த ரெண்டு பேருல அண்ணன்காரனைத்தானுங்க வெட்டினேன். தம்பிக்காரன் இன்னும் உசுரோடதான் இருக்கறான்.”