சுரங்கப்பாதையில் மணல்

நாலு சக்கரம் உண்டு, ஆனால் வண்டி இல்லை. கோடையில் தரைக்கு மேலே ஓடும், பனிக்காலத்தில் தரைக்கு அடியில் ஓடும். அது என்ன?

பிஷ்கெக் நகரத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்: ஸ்கேட்போர்டு. தெருவெல்லாம் பனி மூடிய பிறகு, சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில்தான் காய்ந்த தரை இருக்கும்.

அந்தத் தரையில் யாரோ மணலைப் போட்டிருந்தார்கள்.

சக்கரத்தில் ஒரு கல் சிக்க, பலகை நின்றது. அதன் மேல் நின்றிருந்த சைகல் நிற்கவில்லை. முழங்கால் தரையில் மோதி, கால்சட்டை கிழிந்தது.

பதின்மூன்று வயதுக்காரிக்கு வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. மார்ச் மாதம் நூருஸ் புத்தாண்டு விழாவில் ஸ்கேட்போர்டு போட்டி. பழக வேறு இடம் கிடையாது.

"இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்," என்றான் அவளோடு சறுக்கும் அதிலெத். நெட்டைப் பையன். "காலைல ஜோல்தோஷ் பைகே வாளி நிறைய மணலோட நின்னாரு. என்னைப் பார்த்ததும் ஒரு மொறைப்பு!"

ஜோல்தோஷ், படிக்கட்டின் கீழே பூட்ஸ் தைக்கும் கடைக்காரர்; பிள்ளைகளுக்கு 'பைகே', அதாவது அண்ணன். பேர் சொன்னது கேட்டதுபோலக் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"ஏய்! உங்க சக்கரம் என் மண்டைக்குள்ளேயே உருளுது. வீட்டுல உங்களைத் தேட ஆள் இல்லையா?"

"மண்டைல அவ்வளவு காலி இடமா பைகே?" என்றான் அதிலெத்.

பறந்து வந்த பழைய பூட்ஸ் ஒன்று சுவரில் மோதி விழுந்தது.

சைகல் சிரிக்கவில்லை. "அவருக்கு இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் எல்லோரும் போகும்வரை தூணுக்குப் பின்னால் காத்திருந்தாள். ஜோல்தோஷ் கடையைப் பூட்டிக்கொண்டு படியேறியதும், தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பூட்டின் சாவித் துளைக்குள் ஊற்றினாள். படிக்கட்டு வழியாக இறங்கும் காற்றில் விடிவதற்குள் உறைந்து கல்லாகிவிடும். அதிலெத்திடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவள், கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

தரை முழுக்க மணல். நேற்றுப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. பலகையை வைக்கவே இடமில்லை.

ஜோல்தோஷ் கடைக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பூட்டை ஊதிக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்திருந்தன.

"என்ன பைகே, ஒரு வாளி பத்தலையா?" சைகலின் குரல் பாதை முழுக்க எதிரொலித்தது. "மூட்டையையே கவுத்துட்டீங்களா? நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணினோம்?"

"கத்தாதே. நானா கொட்டினேன்? நகராட்சி லாரிக்காரங்க கொட்டறது. ஜனங்க வழுக்கி விழக்கூடாதுன்னு தினம் விடியறதுக்கு முன்னாடி கொட்டிட்டுப் போறாங்க."

"பொய்! தினம் இவ்வளவு இருக்கறதே இல்ல."

"எப்படி இருக்கும்? நீங்க உருள்ற பக்கத்தை நான்தானே பெருக்கி, வாளியில அள்ளிப் படிக்கட்டுல போடறேன். இந்தக் கண்ணுக்கு ஒண்ணு ரெண்டு கல்லு தப்பிடுது."

சைகல் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள்.

"எங்க சத்தம்தான் உங்களுக்கு ஆகாதே?"

"ஆகாதுதான். நீங்க விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டு அலறினா, அது இன்னும் ஆகாது." மறுபடி பூட்டை ஊதினார்.

"அப்ப இன்னிக்கு ஏன் பெருக்கல?" இப்போது அவள் குரல் பாதியாகியிருந்தது.

"துடைப்பம் கடைக்குள்ள. எந்தக் கழிசடையோ பூட்டுல தண்ணிய ஊத்தி வச்சிருக்கு. எந்தக் கழிசடை என்ன? அந்த வாயாடி நெட்டையன்தான், வேற யாரு! வரட்டும். வசந்தம் வர்ற வரைக்கும் அவன் இங்க காலே வைக்கக் கூடாது!"

மேலே படிக்கட்டில் சீட்டி சத்தம் கேட்டது. அதிலெத் பலகையும் கையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தான்.

ஜோல்தோஷ் எழுந்து நின்றார்.

சைகல் தன் பலகையை அவருடைய கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றியது தான்தான் என்று சொன்னாள்.