வாய் திறக்காதவை

"இதுவும் வாயைத் திறக்கலையா? அப்போ என் வாளியில போடுங்க அண்ணே" என்றார் பாம்புப் பண்ணைக்காரர்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இருப்பா. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்."

"பத்து நாளாப் பார்த்தாச்சு. வீட்டுல அண்ணி கூப்பிட்டா மட்டும் கேக்காத காது, தேரைக்கு இப்படித் தவம் கிடக்குதே."

முப்பது வருடம் பாட்டுப் பதிவு செய்த காது அது. ஸ்டூடியோ மூடியதும், அந்தக் காதுக்காகவே இந்த ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். மண் கொட்டித் தூர்த்த ஒரு குளத்திலிருந்து தேரைகளையெல்லாம் அள்ளி வந்திருந்தார்கள். இரண்டு இனம், அதே சொரசொரப்பு, அதே மண் நிறம். குரலில்தான் வித்தியாசம். ஒன்று 'கர்ர்ர்' என்று மூச்சு விடாமல் இழுக்கும். அது எங்கும் இருப்பது. மற்றது 'கிர்... கிர்...' என்று விட்டு விட்டுக் கூப்பிடும். அது அந்தக் குளத்தைத் தவிர வேறெங்கும் இல்லாதது. இப்போது குளமும் இல்லை.

வெளியூர் கிளம்பும்போது ஆய்வாளர் மேடம் சொன்னது இவ்வளவுதான்: இழுப்பதைப் பாம்புக்குக் கொடுத்துவிடலாம், விட்டு விட்டுக் கூப்பிடுவதில் ஒன்றுகூடக் கைநழுவக் கூடாது. கச்சிதமாகப் பிரித்தால் வேலை நிரந்தரம்.

விட்டு விட்டுக் கூப்பிட்டவை பத்தொன்பது தேறின. எந்தப் பக்கமும் சேராமல் முப்பது மீந்தன. தனித்தனியாக வைத்துப் பார்த்தார். மற்றவற்றின் குரலைப் போட்டுக் காட்டினார். ஒரு முனகல் இல்லை. சீக்குப் பிடித்த சாதாரணத் தேரைகள் என்று முடிவுகட்டி வாளியில் போட்டார்.

மூன்றாம் நாள் மேடம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்தொன்பதும் விட்டு விட்டுக் கூப்பிட்டன. ஒன்றுகூடக் கலப்படமில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால்கூட இவ்வளவு சுத்தமாப் பிரிச்சிருக்க முடியாது சார். இனி இந்த இனம் பொழைச்சுக்கும்."

ஒலிப்பதிவாளருக்கு உச்சி குளிர்ந்தது. மேடம் புதுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பியபடியே, "சரி, சத்தம் போடாததெல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?" என்றார்.

"அந்த ஊமைங்களா? முந்தாநாளே பாம்புக்குப் போட்டாச்சு மேடம்."

தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்தது. மேடம் குழாயை மூடவில்லை.

"சார்... கூப்பிடறது ஆண் மட்டும்தான்."

பெட்டிக்குள் பத்தொன்பதும் விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.